தவிலுக்கு ஆகும் ஆடு, இலைக்கு ஆகாதா?

தமிழ்நாட்டில் கல்யாண மண்டபம் பிடிக்கப் போகிறவர் கையெழுத்திடும் நிபந்தனைத் தாளில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: அசைவம் சமைக்கவோ பரிமாறவோ கூடாது. மது கூடாது, சூதாட்டம் கூடாது என்ற வரிகளை ஒட்டியே அதுவும் அச்சாகியிருக்கும். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஞாயிறு தவறாமல் கறி எடுக்கிறவர்கள். மண்டபத்துக்காரரும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனாலும் அந்த வரியை யாரும் தட்டிக் கேட்பதில்லை. கேட்டால், "சுபகாரியத்துல கவுச்சி ஆகுமா?" என்று பெரியவர்கள் வாயடைத்துவிடுவார்கள்.

முகூர்த்தப் பந்தி சைவமாக இருந்தால்தான் சுத்தம், அதுதான் மங்கலம், உயிர்க்கொலை இல்லாததால் அதுவே அறம் என்கிற இந்த நம்பிக்கை தவறு. சைவச் சாப்பாட்டின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தலைவாழை இலையின் மூலையில் உப்பும் ஊறுகாயும் வைத்துத் தொடங்கி, ரசத்துக்கு இன்னொரு பிடி சோறு கேட்டு வாங்கி, பாயசம் கண்டு, மோரில் முடியும் நல்ல முகூர்த்தச் சாப்பாடு நம் சமையற்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகித் தேர்ந்த கலை. உயிர்மேல் இரக்கம் கொண்டு கறியைத் தொடாமல் வாழ்பவர்கள் மேலும் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. தான் வாரந்தோறும் உண்ணும் உணவை, தன் வீட்டின் பெரிய நாளில் தானே அசுத்தம் என்று அறிவிக்கிறார்களே, அந்தப் பழக்கத்தைத்தான் எதிர்க்கிறேன்.

இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் 2014-ஆம் ஆண்டு மாதிரிக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 விழுக்காட்டுக்கு மேல் அசைவம் உண்பவர்கள். 100 பேர் உட்காரும் பந்தியில் முழுச் சைவர் இரண்டு மூன்று பேர்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு மூன்று பேர் மனம் கோணக் கூடாதென்று மற்றவர்கள் விட்டுக்கொடுத்தால் அது பெருந்தன்மை. நடப்பது அதுவல்ல. அவர்களில் ஒருவர்கூட வராத கல்யாணத்திலும் விதி தளர்வதில்லை. பிறருக்காக விட்டுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். உள்ளுக்குள் நம் சோற்றைப் பற்றி நமக்கே ஒரு கூச்சம் ஊறிப்போயிருக்கிறது.

ஆதியிலிருந்து இதுதான் முறை என்பவர்கள் அகநானூற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கல்யாணத்தை விரித்துச் சொல்லும் பாட்டுகள் அதில் இரண்டு உண்டு. நல்லாவூர் கிழார் பாடிய 86-ஆம் பாட்டில் விருந்தினருக்குக் கிடைப்பது உளுந்து கூட்டிச் சமைத்த பொங்கல். விற்றூற்று மூதெயினனார் பாடிய 136-ஆம் பாட்டில் நெய் மிகுந்த வெண்சோற்றோடு இறைச்சியும் சேர்ந்து வருவதாக உரை சொல்கிறார்கள். ஒரே தொகைநூலில் இரண்டு வகைக் கல்யாண விருந்தும் அருகருகே இருக்கின்றன. ஒன்று மற்றொன்றைத் தீட்டு என்று தள்ளவில்லை. பொருநராற்றுப்படையின் கரிகாலன் தன் வாசலுக்கு வந்த கலைஞனுக்கு வேகவைத்த கறியையும் கம்பியில் சுட்ட கறியையும் மாற்றி மாற்றிக் கொடுத்து உண்ணச் சொல்கிறான். விருந்தாளியைக் கொண்டாடுவதற்குத் தமிழ் மன்னன் ஒருவன் தேர்ந்த வழி அது.

பழங்கதை வேண்டாம் என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் என்ன நடக்கிறதென்று பார்ப்போம். மதுரை, விருதுநகர், திண்டுக்கல் பக்கத்து அசைவ வீடுகளில் மறுவீடு வரும் மாப்பிள்ளைக்குக் கறிவிருந்துதான் மரியாதை. கோலா உருண்டை, சுக்கா, குடல் குழம்பு, எலும்பு ரசம், இவற்றோடு நாட்டுக்கோழியும் அடித்திருப்பார்கள். கொங்கு நாட்டிலும் கல்யாணக் களைப்பு தீர்ந்ததும் பல வீடுகளில் கெடா விருந்து உண்டு. புதுக்கோட்டை, பேராவூரணி பக்கத்து மொய்விருந்தில் ஊருக்கே ஆட்டுக்கறிச் சோறு போட்டுத்தான் மொய் வாங்குகிறார்கள். தலைத் தீபாவளிக்கு வந்த மருமகனுக்குக் கறிக்குழம்பு வைக்காவிட்டால் மாமியாருக்கு மனசு ஆறாது. புதுமணத் தம்பதியின் முதல் விருந்துக்கே மங்கலமாக இருக்கும் கறி, அதற்கு 24 மணி நேரம் முன்பு, தாலி ஏறிய மண்டபத்தில் மட்டும் எப்படி அமங்கலம் ஆகும்?

தெய்வத்துக்கு ஆகாது என்பார்கள். எந்தத் தெய்வத்துக்கு? திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில் ஆண்டுதோறும் பிரியாணிதான் பிரசாதம். தமிழகமெங்கும் முனியாண்டி விலாஸ் நடத்துகிறவர்கள் அங்கே கூடி, கிடாயும் சேவலும் காணிக்கையாக்கி, விடிய விடியச் சமைத்து ஊருக்கெல்லாம் கொடுக்கிறார்கள். கிராமத்து ஐயனார் கோயிலில் ஐயனாருக்குச் சர்க்கரைப் பொங்கல், பக்கத்திலேயே நிற்கும் கருப்பனுக்குக் கிடா. வெட்டும் நேரத்தில் ஐயனார் முன் திரை போடுவார்கள்; முடிந்ததும் திரை விலகும்; அண்ணன் தம்பியாக இருவரும் ஒரே கோயிலில் குடியிருப்பார்கள். சைவச் சாமியையும் அசைவச் சாமியையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் கும்பிடும் நாகரிகம் நம் கிராமங்களுக்கு என்றைக்கோ வாய்த்துவிட்டது. 2003-இல் அன்றைய ஜெயலலிதா அரசு 1950-ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை எடுத்து நடைமுறைப்படுத்தியபோது, எங்கள் சாமிக்கு நாங்கள் படைப்பதை நீங்கள் யார் தடுக்க என்று மக்கள் கேட்டார்கள். 2004-இல் அந்தச் சட்டமே நீங்கியது. சாமியின் படையலுக்காக அரசாங்கத்தையே எதிர்த்தவர்கள், பிள்ளையின் கல்யாணப் பந்தி என்று வரும்போது மண்டபத்துக்காரரின் ஒற்றை வரிக்குத் தலையாட்டுகிறார்கள்.

இனி மணமேடைக்கே வருவோம். தாலி ஏறும் கணத்தில் கெட்டிமேளம் முழங்குகிறது. அந்தத் தவிலின் உடல் பலாமரம்; மரபாக அதன் ஒரு முகத்தில் எருமைத்தோல், மறு முகத்தில் ஆட்டுத்தோல். மாலை வரவேற்பில் கச்சேரி வைத்தால் மிருதங்கத்துக்கும் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும்தான். அந்தத் தோலைத் தேர்ந்து, பதம் பார்த்து, மூட்டு என்னும் மிருதங்க முகத்தைச் செய்யும் தலித் கிறித்தவக் கைவினைஞர் குடும்பங்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு முழுப் புத்தகமே எழுதினார். கொல்லப்பட்ட ஆட்டின் தோல் மணமேடையில் மங்கல ஒலியாகிறது. அதே ஆட்டின் இறைச்சி முப்பதடி தள்ளியிருக்கும் சாப்பாட்டுக் கூடத்தில் தீட்டாகிறது. இந்த இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு, நாம் உயிர்க்கொலைக்கு அஞ்சுகிறோம் என்று சொல்ல முடியாது.

மணப்பெண் உடுத்தியிருக்கும் பட்டையும் பாருங்கள். இழை அறுபடாமல் கிடைக்க வேண்டுமென்றால் பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறுவதற்கு முன்பே, புழு உள்ளே உயிரோடு இருக்கையிலேயே, கூட்டை ஆவியிலோ கொதிநீரிலோ போட்டாக வேண்டும். ஒரு முகூர்த்தப் பட்டுக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி இந்தக் காரணத்தையும் செலவையும் சொல்லி, கல்யாணத்துக்குப் பட்டு வேண்டாம், நூல் சேலை போதும் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். அவர் படத்தை மேடையில் வைத்து வணங்கும் குடும்பங்களிலேயே அதைக் கேட்டவர்கள் மிகச் சிலர். அவர் சொன்னதில் ஒரு நேர்மை இருந்தது: கொல்லாமைதான் காரணம் என்றால் அது இலையோடு நிற்காது, சேலைக்கும் வரும். புழுவைக் கொல்லாமல் பட்டு நெய்யும் வழியைக்கூட ஹைதராபாத்தின் குசும ராஜய்யா செய்து காட்டிவிட்டார். அந்தப் பட்டைத் தேடிப் போகிற கல்யாண வீடுகள் எத்தனை?

பாலும் அப்படித்தான். முகூர்த்தச் சாப்பாட்டில் நெய், தயிர், பால் பாயசம், இரவு வரவேற்பில் பன்னீர், ஐஸ்கிரீம். பசு தொடர்ந்து பால் தர வேண்டுமென்றால் அவ்வப்போது கன்று ஈன வேண்டும். பிறப்பதில் பாதி காளைக்கன்று. உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு அந்தக் காளைக்கன்றுக்கும், மடி வற்றிய பசுவுக்கும் போக்கிடம் எது? பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து லாரிகளில் ஏற்றிக் கேரளத்துக்கு அனுப்பப்படும் மாடுகளைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். கறியில்லாத இலை, கொலையில்லாத இலை ஆகிவிடாது. பாலை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. நெய் மணக்கும் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரனின் ஆட்டுக்கறியைப் பாவம் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்கிறேன்.

கருணை காரணமல்ல என்றால் வேறென்ன காரணம்? சாதி. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மேலே இருப்பவரின் பழக்கத்தைக் கீழே இருப்பவர் எடுத்துக்கொண்டு உயரப் பார்க்கும் போக்கைச் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் குடகு மக்களைப் பற்றி 1952-இல் எழுதிய நூலில் அலசினார். கறியையும் மதுவையும் விடுவதை அதன் முதன்மை அடையாளமாகச் சொன்னார். நம் கல்யாணப் பந்தி அதற்குக் கண்கூடான சான்று. "ஐயர் சமையல்" என்று சொல்லிக்கொள்வதே ஒரு கௌரவம் என்று ஊரில் பல குடும்பங்கள் நினைக்கின்றன. சமைத்தவர் கை ருசியைவிட அவர் பிறப்பு முக்கியமாகிறது. யாரோடு யார் உட்கார்ந்து உண்பது என்பதில்தான் சாதி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் என்பது இந்த மண்ணுக்குத் தெரியாததல்ல. 1920-களில் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியிடத்தில் சாப்பாடு போட்டதை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய குரல், தமிழ்நாட்டு அரசியலின் திசையையே மாற்றியது. இன்று மண்டபங்களில் சாதிக்கெனத் தனிப்பந்தி பெரும்பாலும் இல்லை. எல்லாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து, அந்தப் பந்தியை ஒருவரின் சமையற்கட்டுச் சட்டத்துக்குள் அடக்கிவிட்டோம்.

அசைவத்தை ஏற்றுக்கொண்ட இடத்திலும் இந்த நோய் தீரவில்லை. ஆட்டுக்கறிக்கு மண்டபக் கதவு திறந்தாலும் மாட்டுக்கறிக்குத் திறக்காது. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சி பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றதும் எழுந்த எதிர்ப்பு நியாயமானது. ஊரின் பேரைச் சொல்லும் உணவை, உண்பவர் யாரென்று பார்த்துப் பிரித்தார்கள். திருவிழா தள்ளிப்போனது, இப்படி விலக்குவது பாகுபாடு ஆகாதா என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது.

என்னோடு வாதிடுபவர்கள் கடைசியில் ஒன்று சொல்வார்கள். அது வலுவான வாதம்தான். "சைவம்னா எல்லாரும் சாப்பிடலாம். அசைவம் போட்டா சிலர் சாப்பிட முடியாது. அதனால பொதுவா சைவம்." விருந்தில் ஒருவரும் பசியோடு எழக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கு வழி ஏற்கெனவே நம் கண்முன் இருக்கிறது. தமிழ்நாட்டு முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பிரியாணிப் பந்திக்குப் பக்கத்தில் சைவர்களுக்கென்று தனியாக ஒரு பந்தி. பல குடும்பங்களில் அதற்குத் தனிச் சமையற்காரர், தனிப் பாத்திரம், தனி அடுப்பு. பெண்ணின் தகப்பனார் பிரியாணிப் பந்தியை மைத்துனரிடம் விட்டுவிட்டு, சைவப் பந்தியில் இலை இலையாக வந்து "சாம்பார் நல்லாயிருக்கா, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லட்டா" என்று கேட்பார். காயல்பட்டினத்தில் சகன் என்னும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து நெய்ச்சோறும் களறிக்கறியும் உண்ணும் வழக்கமுள்ளவர்கள், ஒரே தட்டில் உண்ணாத அண்டை வீட்டாருக்கு இலை போட்டுத் தனியாகப் பரிமாறத் தயங்குவதில்லை. இதை அவர்கள் சாதனையாகச் சொல்லிக்கொள்வதில்லை. விருந்தாளிக்கு எது ஒத்துவருமோ அதைக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை என்று நினைக்கிறார்கள், அவ்வளவுதான். அசைவர் சைவருக்குச் செய்யும் இந்த மரியாதை, மறு திசையிலிருந்து ஏன் வருவதில்லை? கவுச்சிதான் கவலையென்றால் கூடத்துக்கு நடுவே ஒரு தட்டி போதும்.

கொல்லாமையை உண்மையாக நம்புகிறவர்களோடு பேச எனக்கு வேறு விஷயம் உண்டு. அவர்களை நான் மண்டபத்துத் தீட்டுக்காரர்களோடு சேர்க்க மாட்டேன். வள்ளுவர் புலால் மறுத்தலை மிக அழுத்தமாகச் சொன்னவர். உண்பவர் வேண்டுமென்பதால்தான் விற்பவர் கொல்கிறார் என்று அவர் காட்டும் தொடர்பிலிருந்து நம்மில் கறி உண்பவர் யாரும் தப்ப முடியாது. நான் கொல்லவில்லை, கடைக்காரர்தான் கொன்றார் என்ற சாக்கு அவரிடம் செல்லாது. ஆனால் அந்த அதிகாரத்தை அவர் வைத்தது துறவறவியலில். விருந்தோம்பல் இல்லறவியலில் இருக்கிறது. அங்கே விருந்தாளியின் இலையில் இன்னது இருக்கக் கூடாது என்று ஒரு பேச்சும் இல்லை, விருந்தாளியின் முகம் வாடக் கூடாது என்பதே பேச்சு. வள்ளலார் இன்னும் கண்டிப்பானவர். கொலையும் புலையும் விடாதவர்களைப் புறவினத்தார் என்று பிரித்தே சொன்னார். அவரே, புறவினத்தார் பசியோடு வந்தால் அந்தப் பசியைத் தீர்த்தே ஆக வேண்டும் என்றார். 1867-இல் வடலூரில் அவர் மூட்டிய தருமசாலை அடுப்பு, வந்தவர் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று விசாரித்துவிட்டு எரிவதில்லை. அவர்கள் இருவரும் பேசியது உயிரின் வலியைப் பற்றியும் மனிதனின் பசியைப் பற்றியும். மண்டப நிபந்தனைத் தாளுக்கு இந்த இரண்டும் பொருட்டல்ல.

உயிரின் வலியைப் பற்றிப் பேசுவதென்றால் நம் பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். கறி உண்பது நம் உரிமை என்று சொல்கிற நாம், அந்த உயிர் எப்படி வாழ்ந்தது என்று கேட்பதை விட்டுவிட்டோம். பிரியாணி போடும் வரவேற்புகளில் இன்று அண்டாவில் வேகிறது பெரும்பாலும் பிராய்லர் கோழி. முட்டையிலிருந்து வந்து சுமார் 40 நாளில் இரண்டு கிலோ எடை ஏற்றி, நெருக்கிய கொட்டகைக்குள் அடைத்து, கால் தாங்காத உடம்போடு கூண்டில் ஏற்றி அனுப்பப்படும் பறவை அது. மண்ணைச் சீய்த்துக் கிளறவும் இடமில்லாத வாழ்க்கை. ராமநாதபுரம் காட்டில் கருவேலங்காய் தின்று ஓராண்டு திரிந்த வெள்ளாட்டை அதோடு ஒன்றாகப் பார்க்க என்னால் முடியாது. கிடா விருந்தில் தலைக்கறி ஒருவருக்கு, கால் பாயா ஒருவருக்கு, ரத்தப் பொரியல் குழந்தைகளுக்கு, குடல் குழம்பு மறுவேளைக்கு. ஆட்டின் எந்தப் பாகமும் வீணாகாது. கொன்றதற்கு ஒரு பொறுப்பு அதில் இருந்தது. நான்கு பேர் குடும்பத்துக்கு நான்கு சிக்கன் லெக் பீஸ் வைத்து, மூன்றைக் கடிக்காமலே இலையோடு மடித்துப் போடும் வரவேற்பில் அந்தப் பொறுப்பு இல்லை. இதை வெட்கமில்லாமல் செய்துகொண்டு, எங்கள் உணவை அவமதிக்கிறார்கள் என்று மட்டும் குறைபட்டால் அது நியாயம் ஆகாது. கல்யாணத்தில் கறி போடுங்கள் என்று கேட்கும் நானேதான், கொஞ்சமாகப் போடுங்கள், நல்ல ஆடாகப் பார்த்து வாங்குங்கள், ஒன்றும் மீதமாகாமல் போடுங்கள் என்றும் கேட்கிறேன்.

வீணாக்குவதில் சைவப் பந்தியும் சளைத்ததல்ல. 2012-இல் பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் அந்நகரின் கல்யாண மண்டபங்களை ஆராய்ந்தபோது, ஓராண்டில் வீணான நல்ல உணவு 940 டன்னுக்கு மேல் என்று கணக்கிட்டது. சென்னையிலும் கோவையிலும் கை கழுவப் போகும் வழியில் எச்சில் இலைத் தொட்டியை எட்டிப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. இலையில் 30 வகை, மூன்று இனிப்பு, கோபி மஞ்சூரியன், மினி இட்லி, புலாவ், இவை எல்லாம் ஒரே நேரத்தில். பரிமாறுபவர் கேட்காமலே போட்டுக்கொண்டு போகிறார். அடுத்த பந்திக்கு நிற்பவர்கள் சாப்பிடுபவரின் நாற்காலிக்குப் பின்னால் கையை வைத்துக் காத்திருக்கிறார்கள். விருந்தாளி அவசரத்தில் பாதியை மூடிவிட்டு எழுகிறார். உழவர் நட்ட நெல்லும், ஆறு மணி நேரம் அடுப்புச் சூட்டில் நின்றவர் உழைப்பும், மாட்டின் பாலும் தொட்டிக்குப் போகின்றன. அந்த எச்சில் இலைகளை எடுக்க வரும் பெண்கள் எந்தச் சாதி என்று நமக்குத் தெரியும். கடைசிப் பந்தியில் அவர்களுக்கு மீதமிருப்பது ஆறிய சோறும் ரசமும் என்பதும் தெரியும். இத்தனையும் நடந்த கூடத்தை, ஆட்டுக்கறி வரவில்லை என்பதற்காகத் தூய்மையானது என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

மண்டபம் கட்டியிருப்பவர்களிடம் நேராகவே கேட்கிறேன். அந்த வரியை எடுங்கள். இரண்டு சமையற்கட்டு வைக்க இடமிருக்கிறது. கழுவுவதற்குக் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாணம் நடத்தும் பெற்றோர்களே, பத்திரிகை வைக்கப் போகும்போது, "நீங்க சைவமா, அசைவமா, எத்தனை பேர் வருவீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, முஸ்லிம் வீடுகளில் இதைக் கேட்டுத்தான் சைவப் பந்திக்கு அரிசி போடுகிறார்கள். 10 வகையோடு நிறுத்துங்கள். வீட்டில் கறி சமைப்பவர்கள் கல்யாணத்திலும் கறி சமையுங்கள். கொல்லாமை உங்கள் கொள்கையென்றால் முழுச் சைவமே போடுங்கள், பட்டுக்குப் பதில் நூல் சேலை எடுங்கள். அந்தப் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து வயிறார உண்பேன். பெற்றோர் முகம் கொடுக்காத ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது, அதை மணமக்கள்தான் கேட்க வேண்டும்: எச்சில் இலை எடுப்பவர்களும் பாத்திரம் தேய்ப்பவர்களும் எத்தனை பேர், அவர்களுக்கு முதல் பந்தியிலேயே எத்தனை இலை ஒதுக்கியிருக்கிறது?